புகையிலைக் கறையைக் கண்ணீர்த் துளியாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் சிறுகதைத் தொகுப்பின் ஆசிரியர் குழுவினருக்கு,

நீங்கள் வெளியிட்டிருக்கும் தொகுப்பில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதை வந்திருக்கிறது. மேலே அவள் பெயர் இருக்கிறது. கீழே இருக்கும் கதை அவளுடையது இல்லை. அவள் எழுதிக் கொடுத்து நான் அனுப்பிய பிரதியையும், அச்சில் வந்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கதையை முடித்திருந்தது இப்படி. அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். மகள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வருகிறாள். அம்மா தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருவிரல் பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு கறை. மகள் ரப்பரை எடுத்துத் தேய்க்கிறாள். பாதி அழிந்ததும் நிறுத்திவிடுகிறாள். ரப்பரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அட்டையை அப்படியே பைக்குள் வைக்கிறாள். அதோடு கதை முடிகிறது.

நீங்கள் அச்சிட்டது இது: "அம்மாவின் விழியிலிருந்து உதிர்ந்த கண்ணீர்த் துளி மதிப்பெண் அட்டையை நனைத்தது. வாடிய ரோஜாவாய் நின்றாள் அவள்."

விளக்கம் கேட்டு எழுதினேன். தொழில் விவரங்கள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன, புகையிலை பற்றிய வருணனை மாணவர் நூலுக்குப் பொருந்தாது, படிமமும் குறியீடும் சேர்த்துக் கதையை மெருகேற்றியிருக்கிறோம் என்று பதில் வந்தது. கூடவே அடுத்த ஆண்டுக்கான வழிகாட்டுதலும் வந்தது. அதில் ஒரு பட்டியல்: வாடிய மலர் இழந்த குழந்தைப் பருவத்துக்கு, சிறகொடிந்த பறவை கலைந்த கனவுக்கு, அணையும் விளக்கு வறுமைக்கு, மழை நம்பிக்கைக்கு. "தொழில் சார்ந்த நுணுக்கங்களைத் தவிர்க்கவும்" என்று அடிக்கோடிட்டு வேறு சொல்லியிருக்கிறீர்கள். எங்களைப் போன்ற பள்ளிகளுக்கெல்லாம் இது போகப்போகிறது என்பதால்தான் தனிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

அந்தக் கறை என்ன சொல்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அந்த அம்மா அன்றைக்கும் வேலை செய்தாள். துடைத்தும் போகாத அளவுக்கு நாள்பட்ட வேலை. அவளுக்கு எழுதத் தெரியும், கைநாட்டு வைக்கவில்லை. ஆனாலும் கையெழுத்தோடு பெருவிரலும் பதிந்துவிட்டது. பள்ளியில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று மகளுக்குக் கூச்சம். அழிக்கத் தொடங்கியவள் நிறுத்துகிறாள். ஏன் நிறுத்தினாள் என்று கதை சொல்லவில்லை. படிக்கிறவர்தான் அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண் இதை எழுதியிருக்கிறாள். கண்ணீர்த் துளி இதில் எதைச் சொல்கிறது? அம்மா ஏழை, பாவம் என்று மட்டும் சொல்கிறது. அது படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

நானும் ஒரு பீடிக்காரியின் மகள். ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் இடையில் இருக்கிற ஊர் என்னுடையது. அந்தப் பக்கம் முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், பாவூர்ச்சத்திரம், கீழப்பாவூர் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனி மருத்துவமனையே இருக்கிறது. உங்கள் குழு இந்த வேலையைப் பார்த்ததில்லை என்று உங்கள் திருத்தங்களிலிருந்தே தெரிவதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பீடி சுற்றுகிற இலை எங்கள் ஊரில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடை வெயிலில் பழங்குடிக் குடும்பங்கள் பறித்துக் கட்டியது அது. கடையில் எடை போட்டு இலையும் புகையிலைத் தூளும் தருவார்கள். இவ்வளவு இலைக்கு 1000 பீடி வரவேண்டும் என்று கணக்கு. இலை பொத்தலும் கிழிசலுமாக இருந்தால் 1000 தேறாது. குறைகிற இலையைச் சொந்தக் காசு போட்டு வாங்கி நிரப்பவேண்டும். சாயங்காலம் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். காலையில் தகர அச்சை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். அப்புறம்தான் தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது, வாயை மடக்குவது எல்லாம். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் 1000. கடையில் ஒவ்வொரு கட்டாகப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது.

இந்தக் கணக்கு அவளுடைய கதையில் இருந்தது. வகுப்பில் வாய்ப்பாடு கேட்கிறார்கள். பதினேழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறவள் இருபத்தைந்தாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்கிறாள். கணக்கு ஆசிரியர் கைதட்டச் சொல்கிறார், எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறாள். "தேவையற்ற பகுதி" என்று இதை முழுக்க நீக்கியிருக்கிறீர்கள். அந்தக் கதையிலேயே ஆகச் சிறந்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கைதட்டலும் வெட்கமும் ஒரே நேரத்தில் வருகிற பிள்ளைப் பருவம் அது. 25 என்ற எண்ணுக்குள் அவளுடைய சாயங்காலங்கள் மொத்தமும் இருக்கின்றன. இதைவிடப் பெரிய குறியீட்டை எந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் தரப்போகிறீர்கள்?

இன்னொரு திருத்தத்தையும் சொல்லவேண்டும். கதையில் சாரல் வருகிறது. தென்காசிச் சீமையில் ஆனி, ஆடி என்றால் சாரல்தான். குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். அதே சாரலில் எங்கள் வீடுகளில் தூள் நமத்துப்போகும், சுற்றி வைத்த பீடி நமத்துப்போகும், கழிவு கூடும். எங்கள் அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு முதலில் செய்கிற காரியம் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதுதான். மாணவி அதை எழுதியிருந்தாள்: ஊரே குளிரக் குளிரச் சிரிக்க, அம்மா மட்டும் பீடிக் கட்டுகளை அடுப்பங்கரைச் சூட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள் என்று. ஓரத்தில் உங்கள் குறிப்பு: "மழை மகிழ்ச்சியின் குறியீடு. இங்கே முரணாக உள்ளது." முரண்தான். அந்த முரணுக்காகத்தான் அவள் அதை எழுதினாள்.

உழைக்கிற வீட்டுப் பிள்ளையின் கதையில் ஒரு பொருள் முதலில் பொருளாக இருக்கும். அதற்கு எடை உண்டு, விலை உண்டு, வாடை உண்டு, தொட்டால் கையில் ஒட்டும். அதோடு புழங்கிப் புழங்கித்தான் அதற்குள் அர்த்தம் ஊறும். அர்த்தத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குத் தோதாக ஒரு பூவையோ பறவையையோ தேடிப் பிடித்து வைக்கிற முறை எங்கள் பிள்ளைகளுடையது இல்லை. எங்கள் தெருவில் ரோஜாச் செடி கிடையாது. பிச்சிப்பூ உண்டு. அதைப் பீடி நூலில்தான் கட்டுவோம். இந்த மாணவியும் அதை எழுதியிருந்தாள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அம்மா தங்கச்சிக்குப் பிச்சிப்பூவைப் பீடி நூலில் கட்டி வைத்துவிடுகிறாள். பூ வாடி உதிர்ந்த பிறகும் சிவப்பு நூல் சடையில் தொங்குகிறது. அதை வெட்டிவிட்டு நீங்கள் ரோஜா வைத்தீர்கள்.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. உங்கள் குழுவில் தமிழறிஞர்கள் இருப்பதாக முகவுரையில் படித்தேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றோடு அந்தந்த நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தே வைக்கிறது. உள்ளுறை உவமம், அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே பொருளை வைக்கிற உவமை, அந்தக் கருப்பொருள்களிலிருந்துதான் பிறக்கவேண்டும் என்கிறது. தெய்வத்தை மட்டும் விலக்கிவைக்கிறது, தொழிலை விலக்கவில்லை. குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்று. ஒருத்தியின் கூந்தல் அழகைக் கண்டு தன்வசம் இழந்த நெஞ்சைப் பார்த்துத் தலைவன், பெருமழையில் மாட்டிக்கொண்ட உப்பு வண்டி மாதிரி அழிந்துபோனாயே என்கிறான். உப்பை வண்டியிலேற்றி ஊர் ஊராக விற்கப்போகிற உமணர்களுக்கு மழை எவ்வளவு பெரிய நட்டம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வரி முழுதாகப் புரியும். அந்தப் பாட்டு உங்களிடம் வந்திருந்தால் மழை மகிழ்ச்சியின் குறியீடு என்று அதையும் திருத்தியிருப்பீர்களா? கேலியாகக் கேட்கவில்லை. உங்கள் பட்டியலின்படி பார்த்தால் திருத்தத்தான் வேண்டும்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பஸ் விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று வருகிறது. பிறகு பிள்ளைகள் அந்தக் கதவைக் கண்டுபிடித்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். படித்தவர் எவரும் அந்தக் கதவை மறப்பதில்லை. அது முதலில் பஸ்ஸாக ஓடியது, குளிரை மறித்தது, வரி பாக்கிக்கு ஈடாகப் போனது. அத்தனை வேலையையும் செய்த பிறகுதான் அது வேறொன்றாகவும் ஆகிறது. பிள்ளைகளின் விளையாட்டைக் கதையோட்டத்துக்குத் தடை என்று ஒருவர் வெட்டியிருந்தால் கடைசியில் அந்தக் கட்டிப்பிடித்தலுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

புகையிலை மாணவர் நூலுக்குப் பொருந்தாது என்ற உங்கள் காரணத்தை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. நானும் ஆசிரியை, பிள்ளைகள் புகைபிடிக்கக் கூடாது என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை குறைவில்லை. அந்தத் தூள் என்ன செய்யும் என்று எனக்கு வீட்டிலேயே தெரியும். அம்மாவின் இருமல், நிமிர முடியாத இடுப்பு, எத்தனை முறை சீயக்காய் தேய்த்தாலும் தலைமுடியில் போகாத நெடி. பீடிக் கட்டின் மேல் புகைக்கிறவருக்கான எச்சரிக்கைப் படம் அச்சிட்டிருக்கிறது. சுற்றுகிறவருக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. அந்த மாணவியின் கதையில் யாரும் பீடி குடிக்கவில்லை. அவளுடைய அம்மாவின் கை மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கையை மறைத்துவிட்டால் புகையிலையின் தீங்கும் சேர்ந்தே மறைந்துபோகும்.

எங்கள் வீடுகளைப் பார்க்காமல் போவது ஒன்றும் புதிதில்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1966இல் வந்தது. நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. அதனால் வந்த கல்வி உதவித்தொகையில் எங்கள் பகுதியில் பலர் படித்திருக்கிறார்கள், அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது பீடித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தவர்கள், குடும்பத்தாரைக் கொண்டு நடத்துகிற இடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள். எங்கள் பக்கம் பீடி சுற்றுவதே வீட்டில்தான். திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி வாயை மடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

அதனால்தான் எங்கள் பிள்ளைகளின் கதைகளில் வீடு என்பது வேறு மாதிரி வரும். மற்றவர்களுக்கு வேலை முடிந்து திரும்புகிற இடம் வீடு. எங்களுக்கு அதுவே பட்டறை. திண்ணை, நடை, விளக்கு, படுக்கிற பாய் எல்லாம் வேலைக்கான சாமான்கள். விளக்கு அணைந்தது என்று எங்கள் பிள்ளை எழுதினால், அப்பாடா, இன்றைக்குக் கணக்கு முடிந்தது, இனிமேல் அம்மா படுப்பாள் என்று அர்த்தமாக இருக்கலாம். உங்கள் பட்டியலில் அணையும் விளக்குக்கு வறுமை என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கதைகளைப் படித்தால் ஒவ்வொரு இடத்திலும் தப்பாகத்தான் படிப்பீர்கள்.

அழுகை மட்டும்தான் எங்கள் பிள்ளைப் பருவம் என்ற எண்ணமும் உங்கள் திருத்தங்களில் இருக்கிறது. சிரிப்பு வருகிற வரிகளாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். பீடித் தட்டைச் சுற்றித்தான் நான் பாட்டு கேட்டேன். இலங்கை வானொலி எங்கள் பக்கம் தெளிவாக எடுக்கும். கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்க, அக்காமார் பாட்டுக்கு முன்னாலேயே பாட்டின் பெயரைச் சொல்லிப் போட்டி போடுவார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாரப்பத்திரிகைத் தொடரைச் சத்தமாக வாசிக்கவேண்டும். "ஏளா, அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்று நான்கு பேர் ஒரே குரலில் அவசரப்படுத்துவார்கள். கண்ணூர்ப் பக்கம் பீடிப் பட்டறைகளில் ஒருவர் உட்கார்ந்து நாளிதழ் வாசிக்க, மற்றவர்கள் அவருடைய பங்கையும் சேர்த்துச் சுற்றித்தந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. நான் தமிழ் படிக்கப் போனதற்கு அந்தத் திண்ணைதான் காரணம். கஷ்டமும் இதுவும் ஒரே தட்டில்தான் கிடந்தன. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து அச்சிட்டால் அது எங்கள் கதை ஆகாது.

அந்தப் பெண் தொகுப்பை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள். அப்புறம், "எங்க அம்மா அழவே இல்லையே டீச்சர்" என்றாள். அவளுடைய அம்மா அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தான் எதற்காக அழுததாகப் போட்டிருக்கிறது என்று கேட்டாளாம். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? உங்களிடம்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

எனவே உங்களிடம் கேட்பது இவை. முதலில், அந்தக் கதையை அவள் எழுதிய வடிவத்திலேயே, தொகுப்பின் அடுத்த அச்சில் வெளியிடுங்கள். அதற்கு நாளாகும் என்றால் திருத்தமில்லாத கதையைத் தனித்தாளாக அச்சிட்டு, தொகுப்பு போன எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். ஆசிரியர் குழு செய்த மாற்றங்கள் எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் செய்யப்பட்டவை என்று அதில் ஒரு வரி இருக்கவேண்டும். அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் எழுத்து மூலம் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு வழிகாட்டுதலில் இருக்கும் குறியீட்டுப் பட்டியலையும், தொழில் நுணுக்கங்களைத் தவிர்க்கச் சொல்லும் வரியையும் பள்ளிகளுக்கு அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள். பதிலுக்கு ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், வீட்டில் நடக்கிற வேலையைத் தெரிந்தபடி எழுதலாம், அந்த வேலையில் புழங்குகிற சொற்களை அப்படியே எழுதலாம் என்று மட்டும் எழுதுங்கள். எழுத்துப்பிழை திருத்துவதைத் தாண்டி எந்த மாற்றம் செய்தாலும், அச்சுக்குப் போகும் முன் மாணவருக்கும் வகுப்பாசிரியருக்கும் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

தேர்வுக் குழுவில் பீடி, தீப்பெட்டி, உப்பளம், கைத்தறி நடக்கிற பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் கதையில் எதற்காக வந்திருக்கிறது என்று புரியாத இடத்தில் அவர்களைக் கேட்கலாம். கேட்டும் புரியவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், படிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது புரியும்.

இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பதில் வேண்டும். அடுத்த தொகுப்புக்குக் கதை கேட்டு நீங்கள் எழுதும்போது எங்கள் பள்ளியிலிருந்து அனுப்புவதா வேண்டாமா என்று பிள்ளைகளிடம் நான் சொல்லியாகவேண்டும். அவள் கைப்பட எழுதிய பிரதியின் நகல் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் இருந்தது தொலைந்துபோயிருந்தால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்ட அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்